மூணாறு – டாப் ஸ்டேஷன்: முதல் தடவை சைக்கிளில் போகிறவர்களுக்கு

மூணாறு டவுனிலிருந்து மலை உச்சிப் பார்வை முனையான டாப் ஸ்டேஷன் 32 கிலோமீட்டர். போக வர 64. தேனிப் பக்கம் தரையில் இந்தத் தூரத்தைக் காலை டிபனுக்கு முன்னால் முடித்துவிட்டு வேலைக்குப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். அந்தத் தைரியத்தில்தான் நானும் முதல் தடவை மேலே வந்தேன். மாட்டுப்பட்டி ஏரியில் ஒன்றரை மணி நேரம் படகை வேடிக்கை பார்த்தேன், எக்கோ பாயிண்டில் கத்திப் பார்த்தேன், குண்டளை ஏரியில் இன்னும் ஒரு மணி நேரம் போனது. எல்லப்பட்டி ஏற்றத்துக்கு வரும்போது மணி ஒன்று. வயிற்றில் ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும்தான். கால் நின்றுவிட்டது. ஒரு ஜீப்புக்காரர் சைக்கிளை மேலே கட்டி ஏற்றிக்கொண்டு போனார். டாப் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே இருக்கிற மரம்கூடத் தெரியவில்லை, அவ்வளவு மேகம்.

அதற்கப்புறம் பல தடவை போய்விட்டேன். இப்போது யார் கேட்டாலும் முதலில் சொல்வது ஒன்றுதான்: போகும்போது ஏரிகளில் நிற்காதீர்கள். நேரே மேலே போய்விடுங்கள், வரும்போது ஏரி பாருங்கள். மதியத்துக்கு மேல் டாப் ஸ்டேஷனை மேகம் மூடிவிடும், ஏரிகள் சாயங்காலம் வரை அங்கேயேதான் இருக்கும். இனி எழுதுவதெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

எந்த மாதம்

டிசம்பர் முதல் மார்ச் நடுப்பகுதி வரை நல்லது. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். மண் சரியும், ரோட்டை மூடுவார்கள், வேண்டவே வேண்டாம். செப்டம்பரில் மலை பச்சையாக இருக்கும், மழைக்கு நடுவே நல்ல நாளும் கிடைக்கும். ஆனால் அக்டோபர், நவம்பரில் நம் பக்கத்து வடகிழக்கு மழை டாப் ஸ்டேஷன் வரை எட்டிப் பார்க்கும். ஏப்ரல், மே மாதங்களில் வண்டி நெரிசலில் மாட்டுப்பட்டி ரோடு திணறும்.

ஜனவரியில் இந்தப் பக்கத்து எஸ்டேட்டுகளில் சில நாள் உறைபனி விழும். புல்வெளி முழுக்க உப்பைத் தூவியது போல் வெள்ளையாக இருக்கும். பார்க்க அழகு, சைக்கிளில் போகிற விரல்களுக்குத்தான் வேதனை. கையுறை இல்லாமல் அந்த மாதத்தில் கிளம்பாதீர்கள். பிரேக்கைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்றே விரலுக்குத் தெரியாது.

முடிந்தால் வார நாளில் போங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் இரண்டு வேறு ஊருக்குப் போவது போல வித்தியாசம் இருக்கும்.

சைக்கிளும் நீங்களும் வந்து சேர்வது

சென்னையிலிருந்து போடிக்கு 2023 ஜூனிலிருந்து அகலப்பாதையில் வாரம் மூன்று நாள் ரயில் ஓடுகிறது. சைக்கிளைப் பார்சலில் போடலாம். போடியிலிருந்து போடிமெட்டு, பூப்பாறை வழியாக மூணாறுக்குப் பஸ் இருக்கிறது. பஸ்ஸில் ஏற்ற வேண்டுமானால் முன்சக்கரத்தைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, பழைய போர்வையில் சுற்றிக் கட்டிக்கொண்டு, கூட்டமில்லாத வண்டியாகப் பார்த்து நடத்துநரிடம் பணிவாகக் கேளுங்கள். லக்கேஜ் டிக்கெட் போட்டு ஏற்றிக்கொள்கிறவர்களும் உண்டு, முடியாது என்பவர்களும் உண்டு. கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆட்களுக்கு உடுமலை, மறையூர் வழி.

போடியிலிருந்தே மிதித்து ஏறிவிடலாமே என்று தோன்றும். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். அதை ஏறிவிட்டு மறுநாள் டாப் ஸ்டேஷனும் போவது பழகினவர்கள் வேலை. முதல் தடவை கால் பலத்தை மிச்சம் வையுங்கள்.

இதெல்லாம் தொந்தரவு என்றால் மூணாறிலேயே கியர் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். முந்தின நாள் சாயங்காலமே போய்ப் பார்த்து எடுங்கள். ஒரு தடவை காலையில் அவசரமாக ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இறக்கத்தில் பின் பிரேக் ‘க்ர்ர்’ என்று தேய்க்க, நிறுத்திப் பார்த்தால் கட்டையில் ரப்பரே இல்லை. உள்ளிருக்கிற இரும்பு ரிம்மில் கோடு கிழித்திருந்தது. கொடுத்தவரைக் குறை சொல்லி என்ன, பார்க்காமல் எடுத்தது நான்தான்.

பார்க்க வேண்டியவை இவ்வளவுதான். பிரேக் கட்டையில் குறுக்குவெட்டுக் கோடுகள் இன்னும் தெரிகிறதா? டிஸ்க் பிரேக் என்றால் லீவர் ஹேண்டிலைத் தொடாமல் பாதியிலேயே பிடிக்கிறதா? முன்பக்கம் சின்னப் பல்சக்கரத்துக்கும் பின்பக்கம் பெரிய பல்சக்கரத்துக்கும் செயின் தடங்கலில்லாமல் ஏறுகிறதா? பின்னால் இருக்கிற பெரிய பல்சக்கரத்தைச் சும்மா எண்ணிப் பாருங்கள். 32 பல் அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. 28தான் என்றால் எல்லப்பட்டியில் தள்ளிக்கொண்டு நடக்க மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். நடப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. சீட் உயரம்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். வாடகை சைக்கிள்களில் சீட்டைத் தாழ்த்தியே வைத்திருப்பார்கள். அப்படியே ஓட்டினால் 20 கிலோமீட்டரில் முழங்கால் பேச ஆரம்பித்துவிடும்.

கையில் ஒரு டியூப், பஞ்சர் கிட், பம்ப், டயர் கழற்றுகிற லீவர் இரண்டு, ஆலன் சாவி ஒரு செட். மாட்டுப்பட்டி தாண்டினால் சைக்கிள் கடையை எதிர்பார்க்காதீர்கள். டியூப் மாற்றத் தெரியாதென்றால் வீட்டில் இரண்டு தடவை செய்து பாருங்கள். மழையில் அட்டை ஏறுகிற புல்மேட்டில் உட்கார்ந்து முதல் தடவை கற்றுக்கொள்வது பெரிய சோதனை.

உடம்புக்குப் பழக்கம்

மூணாறு டவுன் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, டாப் ஸ்டேஷன் 1900 மீட்டரை ஒட்டி. வித்தியாசம் 400தான் என்று நினைக்காதீர்கள், நடுவில் இறங்கி இறங்கி ஏறுகிறது. தொடர்ந்து 50 கிலோமீட்டர் தரையில் ஓட்ட முடிகிறவர் இதைச் செய்துவிடலாம். தேனி மாவட்டத்துக்காரர்கள் போடியிலிருந்து குரங்கணிக்கு நான்கைந்து தடவை போய்வந்து பழகலாம். சுமார் 16 கிலோமீட்டர், மெல்ல மெல்ல ஏறுகிற ரோடு.

காலை

ஆறு மணிக்கு டவுன் மார்க்கெட் பக்கம் கடைகள் திறந்திருக்கும். புட்டோ இட்லியோ, பசி இல்லாவிட்டாலும் சாப்பிட்டுவிடுங்கள். பாட்டிலில் தண்ணீர் நிரப்புங்கள். மலையில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்று வெறுங்கையோடு போகாதீர்கள். ஆளுக்கு இரண்டு பாட்டில், கடலைமிட்டாய், நாலு வாழைப்பழம், கொஞ்சம் சில்லறைப் பணம். மேலே சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், போனில் பணம் அனுப்புவதை நம்ப முடியாது.

ஒரு தினத்தந்தியும் வாங்கிக்கொள்ளுங்கள். படிக்க அல்ல, இறக்கத்துக்கு. விஷயத்தை அங்கே சொல்கிறேன்.

கிளம்புவது ஆறரை மணி. அதற்கு முன்னால் வேண்டாம். ‘சீக்கிரம் கிளம்பு’ என்று எங்கேயும் சொல்கிறவன் இங்கே மட்டும் பிரேக் போடுகிறேன், காரணம் யானை. நன்றாக வெளிச்சம் வந்து, எஸ்டேட் ஜீப்புகள் ஓட ஆரம்பித்த பிறகுதான் இந்த ரோட்டில் சைக்கிள் விட வேண்டும். தனியாகவும் போகாதீர்கள். இரண்டு பேர், மூன்று பேர் சரியான கணக்கு.

மாட்டுப்பட்டி வரை: 13 கிலோமீட்டர்

டவுனை விட்டதும் கொஞ்சம் ஏற்றம், பிறகு தேயிலைக்கு நடுவே வளைந்து போகிற ரோடு. இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. 1902-ல் மாடு இழுக்கிற ஒற்றைத் தண்டவாள வண்டியாகத் தொடங்கி, 1908-ல் இரண்டடி அகலக் குறும்பாதையாக மாற்றினார்கள். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை போன அந்த ரயிலுக்கு மாட்டுப்பட்டியும் பாலாறும் நடுவில் இருந்த நிலையங்கள். 1924 ஜூலை வெள்ளத்தில் அத்தனையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. மலையாளக் கொல்லம் ஆண்டு 1099 என்பதால் இங்கே அதைத் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்பார்கள். சைக்கிள்காரனுக்கு இதில் ஒரு நல்ல சேதி உண்டு: நீராவி ரயில் ஏறிய பள்ளத்தாக்கு என்றால் ஏற்றம் கொடூரமாக இருக்க வாய்ப்பில்லை. குண்டளை வரைக்கும் அப்படித்தான், மூச்சு வாங்கும், ஆனால் நெஞ்சை அடைக்காது.

ஏறுகிற முறை ஒன்று இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் கனமான கியரில் நசுக்கி மிதித்து, முடியாமல் போன பிறகு கியரைக் குறைக்கப் பார்ப்பார்கள். அப்போது செயின் இழுவையில் இருப்பதால் ‘கடக்’ என்று தாவும், சில நேரம் கழன்றும் விழும். மேடு கண்ணில் பட்டவுடனேயே, கால் இன்னும் லேசாகச் சுற்றும்போதே குறைத்துவிடுங்கள். வேகம் நடக்கிற வேகத்துக்கு வந்தாலும் பரவாயில்லை, கால் மட்டும் நிற்காமல் சுற்றட்டும். பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

முக்கால் மணிக்கு ஒரு தடவை, பசிக்கிறதோ இல்லையோ, ஒரு கடலைமிட்டாய். குளிர்ச்சியில் தாகம் தெரியாது, அதனால் தண்ணீரையும் மறந்துவிடுவோம்.

தைலமரக் காட்டைத் தாண்டி அணை தெரியும்போது ஏழேமுக்கால், எட்டு ஆகியிருக்கும். 1950-களில் கட்டி முடித்த அணை, பள்ளிவாசல் மின்நிலையத்துக்கான தண்ணீர் இது. அந்த நேரத்தில் ஏரி மேல் ஆவி மிதந்துகொண்டிருக்கும், படகுத்துறை திறந்திருக்காது. இரண்டு போட்டோ எடுங்கள், நகருங்கள்.

யானை

இதைத் தனியாகவே சொல்ல வேண்டும். மாட்டுப்பட்டி ஏரிக்கரையில் கால்நடைப் பண்ணையின் புல்வெளி இருக்கிறது. 1960-களில் சுவிட்சர்லாந்து உதவியோடு தொடங்கிய பண்ணை. அந்தப் புல்லுக்கு யானை வரும். படையப்பா என்று ஊரே பெயர் வைத்துக் கூப்பிடுகிற கொம்பன் நடமாடுகிற பகுதியும் இதுதான்.

ரோட்டில் யானை லத்தி (சாணம்) கிடந்தால் பாருங்கள். காய்ந்து நார்நாராக இருந்தால் பழசு. ஈரமாக, பச்சை வாடையோடு, குளிரில் ஆவி விட்டுக்கொண்டிருந்தால் ஆள் பக்கத்தில்தான் இருக்கிறார். அங்கேயே நில்லுங்கள். மணி அடிப்பது, விசில், போட்டோ வெளிச்சம் எதுவும் கூடாது. சைக்கிளைத் திருப்பி வைத்துக்கொண்டு வந்த வழியிலேயே பின்னால் போய், ஜீப்போ பஸ்ஸோ வருகிற வரை காத்திருங்கள். கடந்து போய்விடலாம் என்ற எண்ணமே வேண்டாம். ஏற்றத்தில் நம் வேகம் எட்டு கிலோமீட்டர், யானைக்கு அது நடை.

ஒரு தடவை கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டிருந்த ஓர் அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். “தம்பி, வளைவுல ஆனை நிக்குது. இப்படி உக்காருங்க, அதுவே போயிரும்.” கூடை, கத்திரி எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு அவரும் உட்கார்ந்தார். எந்த ஊர், என்ன வேலை, சைக்கிளுக்கு என்ன விலை என்று எல்லாம் விசாரித்தார். விலையைக் கேட்டு அவர் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. இருபது நிமிஷம் ஆயிற்று. வளைவைத் தாண்டும்போது புதர் நசுங்கிக் கிடந்தது, ஆனையைக் காணோம். இந்த எஸ்டேட்டுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் நம் தமிழ் ஆட்கள். வழி கேட்கவோ யானை நிலவரம் கேட்கவோ மொழிப் பிரச்சினையே கிடையாது, கேட்டுக்கொண்டே போங்கள்.

குண்டளை தாண்டி எல்லப்பட்டி ஏற்றம்

எக்கோ பாயிண்டைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டுங்கள். குண்டளைப் பிரிவு வரும்போது எட்டேமுக்கால், ஒன்பது. அங்கேயும் ஏரிக்கு இறங்க வேண்டாம்.

இதற்குமேல்தான் மலை தன் குணத்தைக் காட்டும். எல்லப்பட்டிப் பக்கம் வளைவுகள் நெருங்கி வரும். வளைவின் உட்புறம் செங்குத்தாக இருக்கும், வெளிப்புறம் கொஞ்சம் சாய்வு குறைவு. எதிரே வண்டி இல்லை என்று தெரிந்தால் இடப்பக்க வளைவில் ஓரடி வெளியே தள்ளிப் போனால் காலுக்கு மிச்சம். ஆனால் ரோட்டின் பாதியைத் தாண்டாதீர்கள், ஜீப்புகள் சத்தமே இல்லாமல் நியூட்ரலில் இறங்கி வரும்.

வழியில் டீக்கடை திறந்திருந்தால் இங்கே பதினைந்து நிமிஷம் உட்காரலாம். கட்டன் சாயாவுக்கு (பால் இல்லாத டீ) இரண்டு ஸ்பூன் சர்க்கரை கூடக் கேளுங்கள். வயிறு நிறையப் பரோட்டா வேண்டாம், மிச்ச ஏற்றத்தில் அது ஏப்பமாக வரும்.

டாப் ஸ்டேஷன்

பத்தரைக்குள் வந்துவிட்டால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள். வேடிக்கை என்னவென்றால், நீங்கள் இப்போது நிற்பது மறுபடி தமிழ்நாடு. தேனி மாவட்டம். ஆனால் வண்டி ரோடு கேரளா வழியாகத்தான். பார்வை முனைக்குச் சைக்கிளைக் கடையில் விட்டுவிட்டுப் படியிறங்கி நடக்க வேண்டும். நேர் கீழே, ஒரு கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில், கொட்டக்குடி, குரங்கணிப் பக்கம் தெரியும். மூணாறுத் தேயிலை ரயிலில் இங்கே வந்து, இங்கிருந்து கயிற்றுப்பாதையில் கீழே இறங்கி, பிறகு மாட்டுவண்டியில் போடிக்குப் போனது. அந்தக் கயிற்றின் மேல்முனை என்பதால்தான் டாப் ஸ்டேஷன். கீழ்முனைக்கு பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர்.

சுற்றியுள்ள சரிவுகளில் நீலக்குறிஞ்சி 2018-ல் பூத்தது. அடுத்தது 2030. அந்த வருஷம் இந்த ரோட்டில் சைக்கிளுக்கு இடம் இருக்குமா என்பது சந்தேகம்.

இங்கே இரண்டு ஆசைகள் வரும். ஒன்று, குரங்கணிக்குக் கீழே இறங்குகிற பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போடிக்குப் போய்விடலாமா என்பது. அது வனத்துறைப் பாதை, அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. 2018 மார்ச்சில் அந்தச் சரிவில் காட்டுத்தீயில் மலையேற்றக்காரர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். இன்னொன்று, மேப்பில் கோடு போட்டிருக்கிறதே என்று வட்டவடைப் பக்கம் போய்க் கொடைக்கானல் சேர்ந்துவிடலாமா என்பது. பழைய மூணாறு–கொடைக்கானல் ரோடு எப்போதோ மூடப்பட்டது, வழி கிடையாது. பத்து பதினொரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வட்டவடை அழகான ஊர், பூண்டும் கேரட்டும் விளைகிற படிக்கட்டு வயல்கள். ஆனால் பாம்பாடும் சோலைக் காட்டைத் தாண்டித்தான் போக வேண்டும், திரும்பி ஏறவும் வேண்டும். அதை ராத்தங்கலோடு இன்னொரு பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மண் ஒட்டிய கேரட்டை இலையோடு கட்டி விற்பார்கள். ஒரு கட்டு வாங்கிப் பையில் செருகுங்கள்.

இறக்கம்

விபத்து நடப்பது ஏற்றத்தில் அல்ல, இங்கேதான். கிளம்புவதற்கு முன் தினத்தந்தியை எடுத்து, நான்காக மடித்து, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்து மேலே காற்றுத் தடுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஏறும்போது நனைந்த வியர்வையில் எதிர்காற்று அடித்தால் ஐந்து நிமிஷத்தில் பல் தந்தியடிக்கும். காகிதம் அதை நிறுத்திவிடும். பழைய சைக்கிள் பந்தயக்காரர்களின் வித்தை இது, இன்றைக்கும் இதைவிட மலிவான உடை கிடையாது.

பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்காதீர்கள். ரிம் சூடேறினால் பிடிப்பு குறையும், டியூபே வெடிக்கலாம். அழுத்து, விடு, அழுத்து, விடு. வளைவுக்குள் நுழைவதற்கு முன்னால் வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கை லேசாக விட்டுவிடுங்கள். உடம்பைச் சீட்டில் பின்னுக்குத் தள்ளுங்கள். வளைவின் வெளிப்பக்கப் பெடல் கீழே இருக்கட்டும், உள்பக்கப் பெடல் தரையைத் தட்டினால் ஆள் பறப்பார். கண் டயரைப் பார்க்கக் கூடாது, வளைவு முடிகிற இடத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். முன்பிரேக்கைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் பின்பிரேக்கை மட்டும் பிடித்து, ஈரத் தைலமர இலையில் வழுக்கி விழுவதுதான் வழக்கம்.

ஏறி வருகிற வண்டிக்கு வழிவிடுவது மலை ரோட்டு வழக்கம். மேகம் இறங்கினால் பின்சிவப்பு விளக்கு எரியட்டும், பகலாக இருந்தாலும்.

இப்போது ஏரிகள்

பன்னிரண்டரைக்குக் குண்டளை. 1946-ல் முடிந்த அணை, சேதுபார்வதிபுரம் அணை என்பது ஏட்டுப் பெயர். மாட்டுப்பட்டியில் ஸ்பீட் போட் உறுமும், இங்கே பெடல் படகும் துடுப்புப் படகும். எனக்கு இதுதான் பிடிக்கும். பெடல் படகு மட்டும் வேண்டாம், இன்னுமா மிதிக்க வேண்டும்? கரையில் வேகவைத்த சோளம் வாங்கி, கேரட்டை ஏரித் தண்ணீரில் அல்லாமல் உங்கள் பாட்டில் தண்ணீரில் கழுவிக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் காலை நீட்டுங்கள். புல்லில் உட்கார்ந்தால் எழும்போது சாக்ஸுக்கு மேலே பாருங்கள். அட்டை இருந்தால் பிடித்து இழுக்காமல் கொஞ்சம் உப்பு போடுங்கள்.

எக்கோ பாயிண்டில் கூட்டம் இருக்கும். கத்த ஆசைப்பட்டால் கத்திவிட்டு வரலாம், நூறு பேர் சேர்ந்து கத்துவதால் எது யாருடைய எதிரொலி என்று தெரியாது. மாட்டுப்பட்டியில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். அங்கே சைக்கிள்காரனுக்கு ராஜமரியாதை, இடப்பக்கமாக நழுவிப் போய்விடலாம். ஆனால் நிற்கிற காரின் கதவு எப்போது திறக்கும் என்று பார்த்துப் போங்கள்.

நாலரைக்கு டவுன். எப்படி ஆனாலும் ஐந்தரைக்குள் வந்துவிட வேண்டும். மாட்டுப்பட்டிக்கு அந்தப் பக்கமே மணி ஐந்து ஆகிவிட்டால் யோசிக்காமல் ஜீப் பிடியுங்கள், நான் பிடித்தது போல.

வாடகைச் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும்போது பிரேக் கட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கடைக்காரரிடம் காட்டிச் சொல்லிவிடுங்கள். நாளைக்குக் காலை ஆறு மணிக்கு வேறு யாராவது அதை அவசரமாக எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள்.